ஹீத்கிளிஃப் எழுதாத உயில்

எங்கள் அப்பா பத்திரம் எழுதுகிறவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் என்று முப்பத்தைந்து வருஷம் ஊரார் சொத்தை எழுதியே எங்களை வளர்த்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், உலகமே காதல் கதை என்று கொண்டாடும் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைப் போன மழைக்காலத்தில் முழுசாகப் படித்தபோது, காதலர்களைவிட அப்பாவின் மேசைதான் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

‘முழுசாக’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லூரியில் பார்ட் டூ இங்கிலீஷுக்கு இதன் சுருக்கம்தான் எங்களுக்கு நான்-டீடெய்ல். நூறு பக்கம் சொச்சம். யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் ஒரு வீடு, அதில் அநாதையாக வந்து சேர்ந்த ஹீத்கிளிஃப், அந்த வீட்டுப் பெண் கேத்தரின். இரண்டு பேரும் உயிருக்கு உயிர். அவள் பணக்கார எட்கர் லின்டனைக் கட்டிக்கொள்கிறாள். இவன் ஓடிப்போய்ப் பணக்காரனாகத் திரும்பி வருகிறான். அவள் செத்துப்போகிறாள். அதற்குமேல் நடப்பதெல்லாம் இரண்டு பக்கத்தில் தந்தி பாஷையில் முடிந்துவிடும். பத்தொன்பது வயதில் நானும் என் ரூம்மேட்டும் விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதோம். காதலித்தால் இப்படிக் காதலிக்கணும் என்று பேசிக்கொண்டோம். கேத்தரின் தன்னையும் ஹீத்கிளிஃபையும் ஒரே ஆளாகச் சொல்லிக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற பேச்சை ரூம்மேட் தன் நோட்டின் முதல் பக்கத்தில் வண்ணப் பேனாவில் எழுதி வைத்திருந்தாள்.

இப்போது சொல்கிறேன், அந்த ஹீத்கிளிஃப் மாதிரி ஒருவன் பெண் கேட்டு வந்தால் வாசல் கதவைத் திறக்காதீர்கள்.

முழு நாவலில் 34 அத்தியாயங்கள். கேத்தரின் இறப்பது 16ஆவது அத்தியாயத்தில். பதினெட்டு வயது, ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டு, நினைவு திரும்பாமலே போய்விடுகிறாள். அதாவது கதாநாயகி போன பிறகு சரிபாதிக் கதை மிச்சம் இருக்கிறது. எந்த எழுத்தாளர் இப்படிச் செய்வார்? சினிமாக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. வில்லியம் வைலர் 1939இல் லாரன்ஸ் ஒலிவியரை வைத்து எடுத்த படம் இரண்டாம் பாதியை அப்படியே வெட்டிவிட்டது. இந்தியில் திலீப் குமாரும் வஹீதா ரஹ்மானும் நடித்த ‘தில் தியா தர்த் லியா’ (1966) இதே கதைதான், அது இன்னும் ஒருபடி மேலே போய் நம் வழக்கப்படி சுபம் போட்டு முடித்துவிடும். வெட்டுகிறவர்கள் காதலை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வெட்டப்பட்டதில்தான் பழிவாங்கல் இருக்கிறது. அது கத்தி எடுத்துக் குத்துகிற பழி இல்லை. வக்கீலும் பத்திரமும் வைத்துப் பதினெட்டு வருஷம் நிதானமாகச் செய்கிற பழி.

கொஞ்சம் பின்னால் போகிறேன். வீட்டு எஜமான் எர்ன்ஷா லிவர்பூலுக்கு நடந்தே போய்வருகிறார், போக அறுபது மைல், வர அறுபது மைல். மகன் ஹிண்ட்லி பிடில் கேட்டிருந்தான், மகள் கேத்தரின் சாட்டை கேட்டிருந்தாள். அவர் கொண்டுவந்தது கோட்டுக்குள் சுருட்டிவைத்த ஒரு அழுக்குப் பையனை. பிடில் நொறுங்கிப்போயிருந்தது, சாட்டை வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பையனுக்கு ஹீத்கிளிஃப் என்று பேர் வைத்தார்கள். சின்ன வயதில் செத்துப்போன சொந்த மகனுடைய பேர் அது. பேரும் அதுதான், குடும்பப் பேரும் அதுதான். எர்ன்ஷா என்று போட்டுக்கொள்ளும் உரிமை அவனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவன் யார் பெற்ற பிள்ளை என்பதை நாவலை எழுதிய எமிலி பிராண்டே சொல்லவே இல்லை. கறுத்த பையன், யாருக்கும் புரியாத பாஷை பேசினான் என்பதோடு சரி. அடுத்த வீட்டுப் பெரியவர் லின்டன் அவனைப் பார்த்ததும், லஸ்கர் பையனாக இருக்குமோ என்கிறார். லஸ்கர் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்த நம் பக்கத்து மாலுமிகள். (நம் ஊரில் மதகு திறந்து மூடும் பொதுப்பணித் துறைக்காரருக்கும் லஸ்கர் என்றுதான் பேர். அந்த வரியில் சட்டென்று நின்றுவிட்டேன்.) வேலைக்காரி நெல்லி அவனைத் தேற்றும்போது, உன் அப்பா சீன ராஜாவாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாமே என்கிறாள். லிவர்பூல் அந்தக் காலத்தில் அடிமை வியாபாரத்தின் பெரிய துறைமுகம் என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்தக் கோட்டுக்குள் சுருண்டு வந்தது வெறும் அநாதை மட்டுமா என்று தோன்றுகிறது. எமிலி பதில் சொல்லவில்லை. அதனாலேயே கேள்வி உயிரோடு இருக்கிறது.

பெரியவர் போனதும் ஹிண்ட்லி பழி தீர்க்கிறான். ஹீத்கிளிஃபின் படிப்பை நிறுத்தி, வீட்டுப் பிள்ளையை வயல் வேலைக்காரனாக்குகிறான். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் திரும்பி வரும். இதற்கிடையில் கேத்தரினை லின்டன் வீட்டு நாய் கடித்து, ஐந்து வாரம் அங்கேயே தங்க வேண்டியதாகிறது. போனவள் காட்டுப் பெண், வந்தவள் சீமாட்டி. அப்புறம் ஒருநாள் அடுக்களையில் உட்கார்ந்து, எட்கர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டான், சரி சொல்லிவிட்டேன் என்று நெல்லியிடம் கொட்டுகிறாள். ஹீத்கிளிஃபைக் கட்டினால் தனக்கு மரியாதைக் குறைவு என்றும் சொல்கிறாள். பெஞ்சுக்குப் பின்னால் இருந்த ஹீத்கிளிஃப் அதுவரை கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். அந்தப் புகழ்பெற்ற காதல் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. அவன் அதைக் கேட்கவே இல்லை.

சுருக்கத்தில் விட்டுப்போன ஒன்று: அவன் எழுந்து போவதை நெல்லி பார்த்துவிட்டாள். பார்த்தும் வாய் திறக்கவில்லை. கேத்தரின் கொட்டி முடித்த பிறகுதான், அவன் பாதி கேட்டுவிட்டுப் போனானே என்று மெல்ல இழுக்கிறாள். ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் கதையே கிடையாது. இந்த நெல்லிதான் நமக்கு முழுக் கதையும் சொல்கிறவள். வீட்டுக்குக் குடக்கூலிக்கு வந்த லாக்வுட் என்ற பட்டணத்துக்காரன் காய்ச்சலில் படுத்துக்கொண்டு கேட்கிறான், அவன் எழுதியதை நாம் படிக்கிறோம். நல்ல மனுஷி, கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள், புத்தி சொல்வாள், அவ்வப்போது சாவியையும் கடிதத்தையும் கைமாற்றுவாள். எல்லாக் கூட்டுக் குடும்பத்திலும் இப்படி ஒருத்தி உண்டு. நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், நடந்ததில் அவள் பங்கு மட்டும் தெரியாது.

சரி, மேசைக்கு வருகிறேன்.

அப்பாவிடம் இரண்டு பங்காளிகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் குடிப்பார், சீட்டாடுவார். இன்னொருவர் அவருக்குக் காசு கொடுப்பார். முகம் கோணாமல், கேட்டபோதெல்லாம் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் மறக்காமல் அப்பாவின் பெஞ்சுக்குக் கூட்டிவந்து, கிணற்றடி வயல், மேலவயல், தோப்பு என்று ஒவ்வொன்றாக அடமானம் எழுதி வாங்கிக்கொள்வார். “பாவம், உதவுறார்ல” என்று நான் ஒருநாள் சொன்னேன். “உதவியா? அளந்துகிட்டு இருக்காரும்மா” என்றார் அப்பா. அடுத்த முறை வந்தபோது எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் இரண்டு மேசை தள்ளிப் போய் எழுதிக்கொண்டார்கள்.

ஹீத்கிளிஃப் திரும்பி வந்ததும் செய்வது அட்சரம் பிசகாமல் இதையேதான். மனைவி செத்துப்போய்க் குடியில் மூழ்கிக் கிடக்கும் ஹிண்ட்லியின் வீட்டிலேயே வாடகை கொடுத்துத் தங்குகிறான். சீட்டாட்டம். தோற்றால் கடன். கடனுக்கு நிலம். ஹிண்ட்லி செத்த அன்று கணக்குப் பார்த்தால் ஒரு முழ நிலம்கூட அடமானத்துக்குத் தப்பவில்லை, பிடித்திருக்கிறவன் ஹீத்கிளிஃப். ஒரு அடி, ஒரு குத்து தேவைப்படவில்லை. ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன், சொந்த வீட்டில் கூலி இல்லாத வேலைக்காரனாகிறான். ஹிண்ட்லி தன்னை என்ன செய்தானோ அதையே ஹீத்கிளிஃப் அவன் பிள்ளைக்குச் செய்கிறான். படிப்பும் கிடையாது, நல்ல பேச்சும் கிடையாது. கொடுமை என்னவென்றால், அந்தப் பையன் ஹீத்கிளிஃபை அப்பா மாதிரி நேசிக்கிறான்.

இரண்டாவது சொத்து த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச், எட்கர் லின்டனுடையது. இதற்கு அடமானம் உதவாது, கல்யாணம்தான் வழி. எட்கரின் தங்கை இசபெல்லாவைக் கிளப்பிக்கொண்டு போகிறான். கிளம்புகிற இரவில் அவளுடைய நாய்க்குட்டியைக் கைக்குட்டையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுத்தான் போகிறான், நெல்லி பார்த்து அவிழ்த்து விடுகிறாள். (மொட்டைமாடியில் அழுத எங்களுக்கு இந்த நாய்க்குட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.) பெரியவர் லின்டன் எழுதிவைத்த ஏற்பாட்டின்படி, எட்கருக்கு மகன் இல்லாவிட்டால் நிலம் எட்கரின் மகளுக்குப் போகாது, இசபெல்லா வழிக்குப் போகும். இசபெல்லாவுக்குப் பிறந்த நோஞ்சான் பையன் லின்டன் ஹீத்கிளிஃப். அவனை எட்கரின் மகளுக்குக் கட்டிவைத்துவிட்டால் நிலமும் கைக்கு வரும், அவள் பங்குக்கு இருக்கும் பணமும் நகையும் வந்துவிடும். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில், கல்யாணமான மறுநிமிஷம் பெண்ணின் கையில் இருக்கும் அசையும் பொருளெல்லாம் புருஷனுக்கு. அது மாற 1870, 1882 சட்டங்கள் வர வேண்டியிருந்தது. ஹீத்கிளிஃப் அந்தப் பெண்ணை வீட்டில் அடைத்துவைத்தே கல்யாணத்தை முடித்துவிடுகிறான்.

எட்கருக்குச் சாகக் கிடக்கும்போது விஷயம் புரிகிறது. மகள் பங்கை அறங்காவலர்கள் பேரில் மாற்றி எழுத வக்கீலுக்கு ஆளனுப்புகிறார். வக்கீல் வரவில்லை. ஹீத்கிளிஃபிடம் காசு வாங்கிக்கொண்டு தாமதம் செய்து, எட்கர் கண்மூடிய பிறகு ஆற அமர வந்து சேர்கிறார். இத்தனைக்கும் எட்கர் அந்த வட்டாரத்து நீதிபதி. அடுத்து நோஞ்சான் மாப்பிள்ளையும் போய்ச் சேர்கிறான், அசையும் பொருளை எல்லாம் அப்பன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு. மைனர் என்பதால் நிலத்தை எழுத முடியவில்லை. அதை ஹீத்கிளிஃப் வாயாலேயே வளைத்துக்கொள்கிறான். சட்டப்படி செல்லும்தானாக்கும் என்று நெல்லியே கொஞ்சம் இழுக்கிறாள். எதிர்த்து வழக்குப் போடப் பதினேழு பதினெட்டு வயது விதவைப் பெண்ணிடம் காசு ஏது?

படிக்கும்போது ஒரு நோட்டை எடுத்து வம்சாவளி போட்டு, யார் எப்போது செத்தார், சொத்து யாருக்குப் போகும் என்று அம்புக்குறி போட ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, சட்டம் படித்த சி.பி. சாங்கர் என்பவர் 1926இலேயே இதைச் செய்து, லியனார்ட், வர்ஜீனியா வுல்ஃப் தம்பதியின் ஹோகார்த் பதிப்பகம் வழியாகத் தனிக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார். இரண்டு குடும்பத்தின் வம்சாவளியும் கண்ணாடியில் பார்த்தமாதிரி ஒத்துப்போவதையும், தேதிகள் அனேகமாக இடிக்காமல் இருப்பதையும், சொத்துச் சட்டத்தில் எமிலிக்கு இருந்த பிடியையும் எடுத்துக்காட்டியவர் அவர்தான். புயல், பேய், வெறி என்று பேர் வாங்கிய நாவலின் அடியில் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார்.

ஹாவர்த் பாதிரியார் வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? 1838இல் ஹாலிஃபாக்ஸ் அருகே லா ஹில் என்ற பள்ளியில் எமிலி சில மாதம் டீச்சராக இருந்தார். அந்தக் கட்டடத்தைக் கட்டிய ஜாக் ஷார்ப் பற்றி அங்கே ஒரு கதை உண்டு. தத்துப் பிள்ளையாக வந்து, வளர்த்த குடும்பத்தின் சொத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டு, உரிய வாரிசு கேட்டபோது வேண்டாவெறுப்பாக வெளியேறி, பக்கத்திலேயே இந்த வீட்டைக் கட்டியவன். எமிலி அதைக் கேட்டிருப்பார் என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம். எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது. பத்திர விவகாரம் புத்தகத்தில் படித்து வருவதில்லை, திண்ணையில் கேட்டு வருவது.

நாவல் வெளியானது 1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற ஆண் பேரில். அச்சிட்ட நியூபி, எமிலியிடமும் தங்கை ஆனிடமும் ஐம்பது பவுன் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். சரியாக ஒரு வருஷம். 1848 டிசம்பர் 19 அன்று காசநோயில், முப்பது வயதில், எமிலி போய்விட்டார். அதே வருஷம் செப்டம்பரில் அண்ணன் பிரான்வெல், அடுத்த மே மாதம் ஆன். எமிலி தன் எழுதுபெட்டியில் ஐந்து விமர்சனங்களைக் கத்தரித்து வைத்திருந்தாராம். எல்லாம் தட்டிக் கொடுத்த விமர்சனங்கள் இல்லை. 1850இல் அக்கா சார்லட் மறுபதிப்புக் கொண்டுவந்தபோது, வேலைக்காரன் ஜோசப் பேசும் யார்க்‌ஷயர் வட்டார மொழியைத் தெற்கத்திக்காரர்களுக்குப் புரியும்படி இளக்கிவிட்டார். கி.ரா.வின் கரிசல் பேச்சை யாராவது ‘திருத்தி’ அச்சிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஜோசப் வாயைத் திறந்தாலே நான் பக்கத்தைத் தள்ளினேன். வுதரிங் என்பதே வட்டாரச் சொல்தான், உயரத்தில் சுழன்றடிக்கும் காற்றைச் சொல்வது. எங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் ‘ஊதக்காத்து மேடு’ என்று ஒரே மூச்சில் மொழிபெயர்த்திருப்பாள்.

கடைசிக்கு வருவோம். இரண்டு சொத்தும் கையில். இரண்டு குடும்பத்தின் கடைசி வாரிசுகளும் அவன் வீட்டில் அடிமை. இனி அவர்களை நசுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது அவனுக்கு ஆசை விட்டுப்போகிறது. இருவர் கண்ணும் அப்படியே செத்துப்போன கேத்தரினின் கண். ஓங்கிய கையை இறக்க மனம் வரவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. ஏற்கனவே கேத்தரினின் சவப்பெட்டியின் ஒரு பக்கப் பலகையைக் காசு கொடுத்துத் தளர்த்தி வைத்திருக்கிறான், பக்கத்தில் தன்னைப் புதைக்கும்போது நடுவில் பலகை இருக்கக் கூடாதென்று. ஒரு காலை, திறந்த ஜன்னலோரம் மழையில் நனைந்து செத்துக் கிடக்கிறான். ஆடும் ஜன்னல் கதவு அவன் கையில் உரசியிருக்கிறது, ரத்தம் வரவில்லை. நாவலின் தொடக்கத்தில் அதே ஜன்னலில், உள்ளே விடு என்று கெஞ்சிய பேய்க் குழந்தையின் மணிக்கட்டை லாக்வுட் உடைந்த கண்ணாடியில் தேய்ப்பான், படுக்கை நனைய ரத்தம் கொட்டும். பேய்க்கு ரத்தம், மனுஷனுக்கு இல்லை.

அதற்குச் சில நாள் முன்னால் நெல்லியிடம் ஒன்று சொல்கிறான். உயில் இன்னும் எழுதவில்லை, இந்தச் சொத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை, முடிந்தால் பூமியிலிருந்தே அழித்துவிடுவேன் என்கிற அர்த்தத்தில். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“எல்லாத்தையும் பத்திரத்தாலயே புடிச்சவன், உயில் எழுதாம செத்துப்போறான்ப்பா.”

“வாரிசு?”

“இல்ல.”

“அப்ப கவர்ன்மென்ட்டுக்குல்ல போகணும்?”

நியாயமான கேள்வி. எமிலி அதைக் கண்டுகொள்ளவில்லை. நெல்லி வாயால், பழைய குடும்பத்துக்கே எல்லாம் திரும்பி வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். அத்தனை துல்லியமாகச் சட்டம் பார்த்தவர் இங்கே மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். தெரிந்தேதான் மூடிக்கொண்டார் என்பது என் கட்சி. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

வுதரிங் ஹைட்ஸ் வீட்டு வாசல் நிலைக்கு மேலே கல்லில் ‘ஹேர்ட்டன் எர்ன்ஷா, 1500’ என்று செதுக்கியிருக்கும். முப்பாட்டன் பேர். நம் ஹேர்ட்டன் அதன் கீழே தினமும் போய்வருகிறான், படிக்கத் தெரியாது. திருட்டுத்தனமாக எழுத்துக்கூட்டக் கற்று, ஒருநாள் எட்கரின் மகளிடம் பெருமையாகப் பேரை வாசித்துக் காட்டுகிறான். எண்ணைக் காட்டி, அது என்ன என்று கேட்கிறாள். தெரியவில்லை. அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். தன் பேர் எழுதிய தன் வீட்டு வாசலில் கூனிக் குறுகி நிற்கும் அந்தப் பையனைப் பார்த்துத்தான் இந்த முறை எனக்கு அழுகை வந்தது. கைநாட்டு வைக்க மசியைத் தேய்த்துக்கொண்டு அப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு அதே பெண்தான் அவனுக்குப் பாடம் சொல்லித்தருகிறாள். கவனம் சிதறினால் கன்னத்தில் ஒரு தட்டு, சரியாகப் படித்தால் முத்தம். கல்யாணம் புத்தாண்டு அன்று.

பரணிலிருந்து பழைய நான்-டீடெய்ல் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். வாசல் கல்லும் இல்லை, பாடமும் இல்லை. கடைசிப் பக்கத்துக் கதாபாத்திரப் பட்டியலில் ஹேர்ட்டன் பேருக்குப் பக்கத்தில் பென்சிலில், என் கையெழுத்தில், பரீட்சைக்கு வராது என்று எழுதியிருந்தது.